நெகிழிக் குருணை உலர்த்தல்

நெகிழிக் குருணை உலர்த்தல் என்பது, குருணைகளை உருக்கி வார்ப்பதற்கு அல்லது பிதுக்குவதற்கு முன் அவற்றிலுள்ள ஈரத்தை நீக்கும் செயல்முறை ஆகும்.

தேவை

பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் ஆகியவற்றில் ஈரம் பெரும்பாலும் மேற்பரப்பில் மட்டுமே படியும். சூடான காற்றே அதைப் போக்கிவிடும். நைலான், பாலிகார்பனேட்டு, புட்டிகள் செய்யப் பயன்படும் பெட் ஆகியவை நீராவியை உட்புறம் வரை ஈர்த்துக்கொள்கின்றன. தொட்டுப் பார்த்தால் இவை உலர்ந்தே தோன்றும்.

விளைவுகள்

உருக்கும்போது இந்த நீர் ஆவியாகி, வார்ப்பில் குமிழிகளையும் வெள்ளிக் கோடுகளையும் உண்டாக்குகிறது. இதைவிடப் பெரிய கேடு நீராற்பகுப்பு ஆகும். பெட்டின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளிலுள்ள எசுத்தர் பிணைப்புகளை நீர் அறுப்பதால் சங்கிலிகள் குட்டையாகி வலிமை குறைகிறது. பார்வைக்குக் குறையற்ற புட்டியும் எளிதில் உடையலாம். வார்த்த பின் உலர்த்தினால் அறுந்த சங்கிலிகள் மீண்டும் சேரா.

முறை

பெட் குருணைகள் பொதுவாக 160 முதல் 175 பாகை செல்சியசில் 4 முதல் 6 மணி நேரம் உலர்த்தப்படுகின்றன. 1 கிலோ குருணையில் ஈரம் 50 மில்லிகிராமுக்கும் குறைய வேண்டும். ஈரக்காற்றை வெறுமனே சூடாக்கினால் இது இயலாது. எனவே மூலக்கூற்றுச் சல்லடை எனப்படும் உறிஞ்சியின் வழியாகச் செலுத்தி, காற்றின் ஈரம் முதலில் நீக்கப்படுகிறது. ஈரம் நிறைந்த உறிஞ்சி, சூடேற்றப்பட்டு மீண்டும் பயன்படுகிறது.

அளவு மீறிய சூட்டில் நைலான் மஞ்சளாகும். உலர்ந்த குருணைகள் திறந்திருந்தால் மீண்டும் ஈரம் ஏற்கும். ஆகவே அவை மூடிய ஹாப்பரிலிருந்து நேரடியாக எந்திரத்துக்குள் செலுத்தப்படுகின்றன.