கன்று முட்டினால்தான் பால்

ஜெர்சி கலப்பு மாடு கை வைத்ததும் பால் தருகிறது. நாட்டுப்பசு கன்று முட்டாமல் சொட்டு விடமாட்டேன் என்கிறது. திமிரா, தீவனக் குறையா என்று பூதப்பாண்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார். தீவனத்துக்கும் பங்குண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் நெல் விளைந்த வயல்கள் பல வாழைக்கும் வீட்டுமனைக்கும் போய்விட்டன. கிடைக்கிற வைக்கோலிலும் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். ஆனால் இவர் கேட்பது மடியில் ஊறிவிட்ட பாலைப் பற்றி.

மடியை ஒரு பை என்று நினைத்துக்கொள்கிறோம். பால் ஊறுவது கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்ணறைகளில். காம்புக்கு மேலே சிறு தொட்டி ஒன்று உண்டு. ஐரோப்பிய மாடுகளிலேயே கறவைக்கு முன் ஐந்தில் ஒரு பங்குப் பால்தான் அதில் இறங்கியிருக்கும். நம் திமில் மாடுகளுக்கும் ஆப்பிரிக்காவின் செபு எனும் திமில் மாடுகளுக்கும் அந்தத் தொட்டி இன்னும் சிறியது. மீதிப் பால், துருவிய தேங்காய்க்குள் இருக்கும் பாலைப் போல. சாய்த்தால் வராது, பிழிய வேண்டும். பிழிகிற கை மாட்டுக்குள்ளேயே இருக்கிறது: ஒவ்வொரு நுண்ணறையையும் சுற்றிப் பின்னிக் கிடக்கும் தசைச் செல்கள். கன்று முட்டியதும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். ஒரு நிமிடம் போல் ஆனதும் அந்தச் செல்கள் சுருங்கும். ஐந்தாறு நிமிடத்தில் வேகம் அடங்கிவிடும், அதற்குள் கறந்தால் உண்டு. நடுவில் மாட்டை அடித்தால் அட்ரினலின் வந்து காரியத்தைக் கெடுக்கும். கன்றில்லாமல் கறக்க இணங்காத மாடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்து வந்தவர்கள் ஐரோப்பியர்கள்; அதனால் கலப்பு மாட்டுக்குக் கை பட்டாலே போதும்.

தேங்காயை இன்னும் கொஞ்சம் பிழிகிறேன். எவ்வளவு முறுக்கினாலும் பூவில் பால் மிஞ்சும். மடியிலும் பத்தில் ஒரு பங்காவது தங்கும். அதற்குமேல் தங்கினால் சுரப்பே குறையும். கன்று செத்த நாட்டுப்பசு சீக்கிரம் வற்றிப்போவது இதனால்தான். ஆனால் தேங்காயில் முதல் பால் கெட்டி. மாட்டில் கொழுப்பு கடைசியில்தான் இறங்கும். கறந்து முடித்துக் கன்றை அவிழ்த்துவிடுகிறவர், மடியின் கெட்டிப்பாலை அதற்கே கொடுத்துவிடுகிறார். உவமை தலைகீழானாலும் கன்றுக்கு லாபம்.

வாசகர்கள் வரலாறு இல்லாமல் விடமாட்டார்கள். செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின் முன் நிறுத்தும் வித்தை நம்மூரிலும் உண்டு, நைல் கரை நூயர் மக்களிடமும் உண்டு. ஆக்ஸிடோசினை ஆய்வகத்தில் செய்துகாட்டிய டு விக்னோ 1955-ல் நோபல் பெற்றார். அது ஊசியாகித் தொழுவத்துக்கு வந்தபின் நடந்த கூத்து தனி. கறவைக்குத் தவறாகப் பயன்படுகிறது என்று 2018-ல் மத்திய அரசு தனியார் தயாரிப்புக்குத் தடை போட, அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது.

இப்போது நாட்டு மாட்டுப் பால் என்று விற்கப்படும் 'ஏ2 பால்' சந்தடி. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த முத்திரையை நீக்கச் சொல்லி, ஒரே வாரத்தில் உத்தரவைத் திரும்பப் பெற்றது. நாட்டு மாட்டைக் கொண்டாடுகிறவர்கள் கறவை அளவைச் சொல்வதில்லை. பழைய திருவிதாங்கூரின் வெச்சூர் குட்டைப் பசுவை மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் சோசம்மா ஐப் 1989 முதல் அழியாமல் காத்தார். அது நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் கறக்கும். எந்தக் கன்று முட்டியும் அதைப் பத்தாக்க முடியாது.