மலைக்குப் போகிறீர்களா? குளிரைவிட ஈரத்தைக் கவனியுங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் கிள்ளானிலிருந்தும் பினாங்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கேமரன் மலைக்குப் புறப்படுகிறோம். சிலர் மெல்பர்ன், லண்டன், காசி என்று வெளிநாடுகளுக்கும் போகிறார்கள். அங்கெல்லாம் எதை உடுத்துவது என்பதைக் கியா பார்மிலேயே கற்றுக்கொள்ளலாம்.

நம் நாட்டில் நான்கு பருவங்கள் இல்லை, மலை உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். கியா பார்ம் 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. தாப்பாவில் 33 டிகிரி வெயில் என்றால் இங்கே 23 டிகிரிதான். விடியற்காலையில் இன்னும் இறங்கும். வெயில், மூடுபனி, மழை மூன்றும் ஒரே நாளில் வரும்.

இந்தக் குளிர் தனியே ஆபத்தானதல்ல. உடை நனைந்துவிட்டால்தான் ஆபத்து. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நீரைக் குடித்துக்கொண்டு லேசில் காயாது. சிறு பிள்ளைகளும் முதியவர்களும்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் நடுக்கம், குழறிய பேச்சு, தள்ளாட்டம் வரும். உடனே ஈர உடையைக் கழற்றித் துடைத்து, போர்த்திவிட்டு மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

தேயிலை பறிப்பவர்களைப் பாருங்கள். முன்பு நம் மக்கள் செய்த வேலையை இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். காலைப் பனியில் செடி நனைந்திருக்கும். அதனால் இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பு, காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் துணி. கனமான குளிராடையை அவர்கள் தேடுவதில்லை. ஈரம் உள்ளே புகாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

நாமும் மூன்று அடுக்காக உடுத்தலாம். உள்ளே, சீக்கிரம் காயும் விளையாட்டுச் சட்டை. அதன்மேல் கம்பளிக் குளிராடை. கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூடு தரும். வெளியே மெல்லிய மழையங்கி. ஏறி நடக்கும்போது வியர்ப்பதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், வியர்வையும் ஈரம்தான். சேலை கட்டும் அம்மாமார்களுக்குப் பருத்தியைவிடச் செயற்கை நூல் சேலை நல்லது. மாற்றுக் காலுறைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்கும் இதே முறைதான். லண்டன் குளிர்காலத்தில் கட்டடங்களுக்குள் கதகதப்பாக இருக்கும். ஒரே கனத்த கோட்டைவிடக் கழற்றி மாட்டும் அடுக்குகள் வசதி. மெல்பர்னில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம் என்பதை மறக்க வேண்டாம். காசிக்கு டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்கு விடியற்காலைக் குளிர் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். கங்கையில் மூழ்கி எழுந்த பெரியவர்களை ஈர வேட்டி, ஈரச் சேலையோடு கரையில் நிற்க விடாதீர்கள். உலர்ந்த துண்டும் மாற்று உடையும் படித்துறையிலேயே தயாராக இருக்கட்டும்.