செம்புக்கு முன் தண்ணீர்: சாம்பியாவின் அபாயம்

எட்டு நாடுகள் சூழ்ந்த சாம்பியாவுக்குக் கடல் இல்லை. அதன் ஏற்றுமதி வருமானத்தில் சுமார் 70 சதவீதம் செம்பிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டன்னாக இருக்கும் செம்பு உற்பத்தியை 2031-ஐ ஒட்டி 30 லட்சம் டன்னாக உயர்த்த அரசு முனைந்திருக்கிறது. இதைப் பற்றிய பேச்சில் ரயிலும் துறைமுகமுமே முன்னால் நிற்கின்றன. உண்மையான ஆபத்தோ தண்ணீரில் இருக்கிறது.

பாதை அடைபட்டால் வேறு பாதை போடலாம். 1965-க்குப் பின் அண்டை நாடான ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாகச் சரக்கு அனுப்புவது சிக்கலானபோது, சீன உதவியோடு தாருஸ்ஸலாம் துறைமுகத்துக்கு 1,860 கிலோமீட்டர் ரயில்பாதை அமைந்தது. ஆற்றுக்கு அப்படி மாற்று கிடையாது.

நாட்டின் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நீர்மின் நிலையங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அதில் ஏறக்குறைய பாதியைச் சுரங்கங்கள் எடுத்துக்கொள்கின்றன. 2024-இல் மழை பொய்த்தது. ஜாம்பெசி ஆற்றின் கரிபா நீர்மின் அணையில் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்தது. மக்காச்சோள விளைச்சல் பாதியாகச் சரிந்தது. பிப்ரவரியில் அதிபர் ஹகாயிண்டே ஹிச்சிலேமா தேசியப் பேரிடர் அறிவித்தார். தலைநகர் லுசாகாவிலேயே நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லை. சுரங்கங்கள் வெளிநாடுகளிலிருந்து அதிக விலைக்கு மின்சாரம் வாங்கின.

அடுத்த அடி 2025 பிப்ரவரி 18-இல் விழுந்தது. சாம்பிஷி அருகே ஒரு செம்புச் சுரங்கத்தின் கழிவுத் தேக்கம் உடைந்து, சுமார் 5 கோடி லிட்டர் அமிலக் கழிவு காஃபுவே ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. மீன்கள் செத்து மிதந்தன. கிட்வே நகரின் குடிநீர் வழங்கல் நிறுத்தப்பட்டது. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்த ஆற்றுப்படுகையில்தான் வாழ்கிறார்கள்.

இத்தகைய நஞ்சு சுரங்கத்தோடு சேர்ந்து மூடிக்கொள்ளாது. கப்வேயில் ஈயச் சுரங்கம் 1994-இல் மூடப்பட்டது. இன்றும் அங்குள்ள குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது.

உற்பத்தி பல மடங்கானால் மின்தேவை ஏறும், கழிவுத் தேக்கங்களும் பெருகும். மழையை நம்பாத மின்சாரம் உறுதியாகும் முன்னும், ஒவ்வொரு தேக்கத்தையும் சுதந்திரமான நிபுணர்கள் சோதிக்கும் முன்னும் புதிய உரிமங்கள் தரக் கூடாது. 2020-இல் கடன் தவணை கட்ட முடியாமல் தவித்த நாடு அது. செம்பு வருமானத்துக்கு அது அவசரப்படுவது புரிகிறது. ஆனால் காஃபுவே கெட்டால் அதைச் சீராக்கும் செலவும், அதன் நீரைக் குடிப்பவர்களின் நோயும் அந்த வருமானத்தையே தின்றுவிடும்.