வேஷம் கட்ட வந்தவனை சுட்டுத் தள்ளலாமா? 'ரோல்பிளே' கேமில் ஓயாத சண்டை!

பொள்ளாச்சி:-

பகலில் கயிறு மில்லில் வேலை. ராத்திரி சாப்பிட்டு முடித்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போலீஸ் இன்ஸ்பெக்டர்! பகலில் செல்போன் கடை ஊழியர், ராத்திரியில் வாள் தூக்கிய மந்திரவாதி! இப்படி ஆள் மாறி, வேஷம் கட்டி, முகம் தெரியாத நூறு பேரோடு இன்டர்நெட்டில் ஆடுவதுதான் 'ரோல்பிளே' கேம்.

வீட்டில் பெரியவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. "ஏங்கண்ணு, யார்கூட இந்நேரத்துல பேசிட்டிருக்கறே?" என்று அம்மா கேட்டால், "இல்லம்மா, கேம்ல ஒருத்தனை அரெஸ்ட் பண்ணிட்டிருக்கேன்" என்று பதில் வரும். அம்மாவுக்கு தூக்கம் போய்விடும்!

பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஷூட்டிங் புதிதல்ல. சினிமாவில் டாக்டராக வருபவர் ஊசி போடத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. டாக்டர் மாதிரி பேசினால் போதும். ரோல்பிளேயும் அப்படித்தான். இதில் கடைசியில் ஜெயித்தவர் என்று யாரும் கிடையாது. கதை ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் கதைக்காக வருவதில்லையே. அங்கேதான் வம்பு.

ஒரு கூட்டம் ராத்திரி ஒரு மணி நேரம் ஜாலியாக பேசி, சிரித்து, நடித்துவிட்டு படுக்கப் போகிறவர்கள். இன்னொரு கூட்டம் யார் பெரிய ஆள், யாரிடம் அதிக பணம், யார் எத்தனை பேரை வீழ்த்தினான் என்று கணக்கு பார்ப்பவர்கள். முதல் கூட்டத்துக்காரர் டாக்சி ஓட்டி சவாரி ஏற்றிக்கொண்டிருப்பார். இரண்டாவது கூட்டத்துக்காரர் வந்து காரணமே இல்லாமல் சுட்டுவிட்டுப் போவார். டாக்சிக்காரர் ரெண்டு நாள் பொறுப்பார். மூணாவது நாள் கேமையே அழித்துவிடுவார்.

சீட்டுக்கட்டு கணக்கு!

இந்தச் சண்டைக்கு வயது கிட்டத்தட்ட 50. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் 'மட்' என்று ஒரு கேம் உருவாக்கினார்கள். படம் கிடையாது, வெறும் எழுத்துதான். பல பேர் ஒரே நேரத்தில் ஆடிய இந்த வகை கேமுக்கு அதுதான் தாத்தா.

அந்த பார்ட்டில் 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட வருகிறவர்களை சீட்டுக்கட்டு மாதிரி நாலாகப் பிரித்தார். பொருள் சேர்த்து மேலே ஏற நினைப்பவன் டைமன். மூலை முடுக்கெல்லாம் தோண்டிப் பார்ப்பவன் இஸ்பேட். நாலு பேரோடு பழக வந்தவன் ஆட்டின். அடுத்தவனை அடிப்பதில் சந்தோஷம் காண்பவன் கிளாவர்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒருவர் கூடினால் மற்றவர் குறைவார்கள் என்று அவர் சொன்னதுதான். கிளாவர்கள் பெருத்தால் ஆட்டின்கள் ஓடிவிடுவார்கள். அப்புறம் கிளாவர்களுக்கு அடிக்க ஆள் ஏது? அவர்களும் கிளம்புவார்கள். கேம் ஈ ஓட்டும்.

ராஜாவையே கொன்ற திருடன்!

அவர் எழுதியது அடுத்த வருஷமே பலித்தது. 1997-ல் அமெரிக்காவில் 'அல்டிமா ஆன்லைன்' என்ற கேம் வந்தது. ராஜா, கோட்டை, மந்திரம் எல்லாம் உண்டு. கேமை உருவாக்கிய ரிச்சர்ட் காரியட், தானே 'லார்ட் பிரிட்டிஷ்' என்ற ராஜா வேஷம் கட்டியிருந்தார். கேம் விற்பனைக்கு வருவதற்கு முன்னால், ஆகஸ்டு மாதம் நடந்த சோதனை ஓட்டத்தில் ராஜா மக்கள் முன்னால் தோன்றினார். சாகாவரம் தரும் செட்டிங்கை போட மறந்துவிட்டார்! கூட்டத்தில் நின்ற ஒரு திருடன், அடுத்தவர் பையில் சுட்ட நெருப்பு மந்திரத்தை எடுத்து வீசினான். ராஜா அவுட்!

இது சிரிக்க வைத்த கதை. அப்புறம் நடந்தது சிரிப்பில்லை. கேம் விற்பனைக்கு வந்ததும், ஊர் எல்லையைத் தாண்டிய புதியவர்களை கொன்று பொருளைப் பிடுங்கும் கும்பல்கள் முளைத்தன. நாலு நாள் சுரங்கம் வெட்டி சேர்த்தது நாலு நொடியில் போனது. காசு கொடுத்து வாங்கிய கேமில் தினமும் அடிவாங்க யார் வருவார்கள்?

2000-ம் ஆண்டில் கம்பெனி அதிரடி முடிவெடுத்தது. உலகத்தையே ரெண்டாக காப்பி எடுத்தார்கள். 'ட்ராமல்' என்பது பாதுகாப்பான உலகம், விருப்பமில்லாதவரை யாரும் தாக்க முடியாது. 'ஃபெலுக்கா' பழைய அடிதடி உலகம். பெரும்பாலானவர்கள் மூட்டை முடிச்சோடு ட்ராமலுக்கு குடி பெயர்ந்தார்கள். ஃபெலுக்கா காலியானது. ஆளை இழுக்க, அங்கே வெட்டினால் தாதுவும் மரமும் ரெண்டு மடங்கு கிடைக்கும் என்று ஆசை காட்ட வேண்டியதாயிற்று.

அந்த முடிவு சரியா தப்பா என்று பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். "பயமே இல்லாத ஊரில் என்ன கதை இருக்கும்?" என்பது ஒரு கட்சி. "பயத்தோடயே ஆடறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா?" என்பது இன்னொரு கட்சி. நமக்கு ரெண்டாவது கட்சி பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு கிடைப்பதே ஒரு மணி நேரம்.

2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இதில் உஷாரானது. சாதா, அடிதடி, ரோல்பிளே, ரோல்பிளேயோடு அடிதடி என்று சர்வர்களையே தனித்தனியாக வைத்தார்கள். 2018-ல் அதையும் மாற்றி 'வார் மோட்' என்று ஒரு சுவிட்ச் கொடுத்தார்கள். சண்டை வேண்டுமா, போட்டுக்கொள். வேண்டாமா, அணைத்துவிடு. போட்டுக்கொண்டால் கொஞ்சம் கூடுதல் லாபம்.

ஆர்.டி.எம். என்றால் அவுட்!

இப்போது நம்ம பையன்கள் பலர் ஆடுவது 'ஜி.டி.ஏ. 5' ரோல்பிளே. 2013-ல் வந்த அந்த கேமில், வெளி ஆட்கள் 'ஃபைவ்எம்' என்ற சாப்ட்வேர் மூலம் தனி சர்வர் நடத்துகிறார்கள். ஃபைவ்எம் உருவாக்கிய குழுவை கேம் கம்பெனியான ராக்ஸ்டாரே 2023-ல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தமிழிலேயே பேசி ஆடும் சர்வர்களும் உண்டு.

இங்கே தடுப்புச் சுவர் கிடையாது, சட்டம்தான் சுவர். காரணமில்லாமல் சுட்டால் அது 'ஆர்.டி.எம்.'. காரணமில்லாமல் கார் ஏற்றினால் 'வி.டி.எம்.'. நெற்றியில் துப்பாக்கி வைத்தால் பயந்த மாதிரி நடிக்க வேண்டும், ஹீரோ மாதிரி எகிறினால் அதுவும் குற்றம். யூடியூப் லைவில் எதிராளி இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு கேமுக்குள் போய் பிடித்தால் 'மெட்டாகேமிங்'. ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் அடிதடி கூடாது என்று பல சர்வர்களில் விதி உண்டு. மீறினால் தடை. சில சர்வர்களில் உள்ளே நுழையவே பேட்டி வைப்பார்கள். வேலைக்கு எடுப்பதை விட இது கஷ்டம் போலிருக்கிறது!

நல்ல அட்மின் இருக்கும் சர்வரில் ரவுடி கும்பலுக்கும் இடம் உண்டு. சண்டைக்கு முன்னால் ஒரு காரணம், ஒரு பேச்சுவார்த்தை இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அட்மினே தன் நண்பர்கள் கும்பலுக்கு சலுகை காட்டினால் போச்சு. புதியவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

நம்ம பக்கம் ரேக்ளாவில் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 200 மீட்டர், 300 மீட்டர் என்று பிரிவு. முட்டி மோத வேண்டாம், ஒவ்வொரு வண்டியாக ஓடும், நேரத்தை வைத்து பரிசு. மாட்டை பூட்டி ஓட்டத் தெரிந்தவர் எல்லாம் அந்த மைதானத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கழுத்தைப் பிடிப்பதில்லை.

காசு நுழைந்தால் கதை வேறு!

வேஷம் கட்டி ஆடுவது, போட்டி போடுவது ரெண்டுக்கும் மத்திய அரசின் 2025 ஆன்லைன் கேமிங் சட்டம் தடை போடவில்லை. ஆகஸ்டு 22-ந்தேதி ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற இந்த சட்டம் கேம்களை மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது இ-ஸ்போர்ட்ஸ். இதில் நுழைவுக் கட்டணம், திறமைக்கு பரிசு உண்டு, பந்தயம் கூடாது. இரண்டாவது பொழுதுபோக்கு கேம், சந்தா வாங்கலாம். மூன்றாவது, பணம் கட்டி பணம் ஜெயிக்கும் கேம். இதற்குத்தான் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, ரூ.50 லட்சம் வரை. ஆடுகிறவருக்கு தண்டனை இல்லை.

ரோல்பிளே சர்வருக்குள் சீட்டாட்ட கிளப் இருக்கும். கேம் காசில் ஆடினால் அது நடிப்பு. நிஜ காசு கொடுத்து கேம் காசு வாங்கி, ஜெயித்ததை மறுபடி நிஜ காசாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கேம் கார், கேம் கணக்கு விற்பதாக சொல்லி பணத்தை வாங்கிக்கொண்டு யாராவது கம்பி நீட்டினால் உடனே 1930 எண்ணுக்கு போன் போட்டு சைபர் கிரைமில் புகார் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு சீக்கிரம் அந்தப் பணத்தை முடக்க வாய்ப்பு.

இன்னொன்று. ஜி.டி.ஏ. 5 பெரியவர்களுக்கான கேம். 18 வயது ஆகாத பையன் அதில் இன்ஸ்பெக்டராக இருந்தாலும் சரி, ரவுடியாக இருந்தாலும் சரி, அவனுக்கு அங்கே வேலையில்லை.