உங்களுக்குத் தெரியுமா? – ‘ஆட்டோகரெக்ட்’ சங்கதிகள்

● வேர்டில் ஆங்கிலத்தில் ‘டி, இ, ஹெச்’ என்று எழுத்து இடம் மாறி விழுந்தாலும், ஸ்பேஸ் தட்டியதும் ‘டி, ஹெச், இ’ என்று சரியாகிவிடும். 1990-களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டில் இதற்கு வித்திட்டவர் டீன் ஹச்சமோவிச். சுருக்கத்தை விரித்துத் தரும் வசதி வேர்டில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் எஃப்3 கீயை அழுத்த வேண்டும். சொல்லுக்குச் சொல் ஸ்பேஸ் தட்டத்தானே போகிறோம், அதிலேயே திருத்தத்தையும் முடித்துவிடலாமே என்று யோசித்தார் அவர்.

● ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. ஆவணங்கள் சிலவற்றில் ‘ஒத்துழைப்பு’ என்று வரவேண்டிய இடத்தில் ‘குபெர்டினோ’ இருந்தது! ‘கோஆபரேஷன்’ என்ற ஆங்கிலச் சொல், நடுவில் சிறுகோடு போட்டால்தான் அன்றைய சில மென்பொருள் அகராதிகளுக்குத் தெரியும். கோடு இல்லாவிட்டால், ஆப்பிள் நிறுவனத்தின் தலைமையகம் உள்ள அந்தக் கலிஃபோர்னியா ஊரின் பெயரை நீட்டின.

● ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்ற மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடுகிறது எக்செல். எக்செல் மரபணுப் பட்டியலோடு வந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் பெயர்தான் மாறியது: ‘மார்ச்எஃப்1’, ‘செப்டின்1’. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதி 2023-இல்தான் எக்செலுக்கு வந்தது.

● பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று வரியைத் தொடங்கினால் ‘துமிழ்’ ஆகிவிடுகிறதா? அந்த எழுத்துருவில் சின்ன ‘ஜே’தான் ‘த’. பெரிய ‘ஜே’ என்றால் ‘து’. ஆங்கிலம் என்று நினைத்து, வாக்கியத்தின் முதல் எழுத்தை வேர்ட் பெரிதாக்கிவிடுகிறது. பழைய எழுத்துருவில் வேலை செய்பவர்கள் ‘கேப்பிட்டலைஸ் ஃபர்ஸ்ட் லெட்டர் ஆஃப் சென்டென்ஸஸ்’ டிக்கை முதலில் எடுத்துவிடுவது நல்லது.

● அந்த டிக் எங்கே இருக்கிறது? விண்டோஸ் வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று வரிசையாகப் போங்கள். அங்கேயே ‘ரீப்ளேஸ் டெக்ஸ்ட் ஆஸ் யூ டைப்’ டிக்கையும் எடுத்தால் சொல் மாற்றுவது நிற்கும். கூகுள் டாக்ஸில் டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ் போய் ‘ஆட்டோமேட்டிக்கலி கரெக்ட் ஸ்பெல்லிங்’கை நிறுத்தலாம்.

● ஒரே ஒரு மாற்றம்தான் தொல்லை என்றால் எல்லாவற்றையும் அணைக்க வேண்டாம். உட்பிரிவு எண்ணாக அடைப்புக்குறிக்குள் ‘சி’ போட்டால் காப்புரிமைக் குறி வந்து நிற்கும். ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸில் உள்ள மாற்றுச்சொல் பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் டெலீட் செய்தால் போதும். அவசரத்துக்கு, மாறிய உடனே கன்ட்ரோல்+இசட் தட்டினால் நீங்கள் அடித்தது அப்படியே திரும்பி வரும்.

● ஆட்டோகரெக்டை நிறுத்தினாலும் சிவப்பு நெளிகோடு போகாது. வேர்ட் 95-இல் அறிமுகமான அதற்குத் தனி டிக் உண்டு. அதை விட்டுவையுங்கள்: பிழையைக் காட்டும், கை வைக்காது.