கட்டியை எடுத்தாச்சு, இனி கரண்டு எதுக்கு?



சென்ற செயற்குழுக் கூட்டத்தில் ஒரு அவசரக் கடன் மனு வந்தது. காரணம் என்ற இடத்தில் 'வீட்டுக்காரர் வைத்தியச் செலவு' என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன வைத்தியம் என்று கேட்டோம். அந்த அக்கா குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "அவருக்கு மாருல புற்றுநோய். ஆபரேஷன் பண்ணியாச்சு. இப்போ கரண்டு வைக்கணும்னு சொல்றாங்க. அவரு வரமாட்டேங்கிறாரு."

"ஆம்பளைக்கு மாருல புற்றுநோயா?" என்று ஒருவர் சிரித்துவிட்டார். அந்த அக்கா அழுதுவிட்டார். அதன் பிறகுதான் இதைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று புரிந்தது. விசாரித்துத் தெரிந்துகொண்டதை இந்த இதழில் எழுதுகிறோம்.

ஆண்களுக்கும் வருமா?

வரும். ஆண்களுக்கும் மார்புக் காம்புக்குப் பின்னால் கொஞ்சம் மார்புத் திசு இருக்கிறது. அதில் புற்றுநோய் வரலாம். மார்புப் புற்றுநோய் வருகிற 100 பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. காம்புக்கு அடியில் வலி இல்லாத கட்டி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசிவது, ஆறாத புண், அக்குளில் நெறி கட்டுவது ஆகியவை இதன் அறிகுறிகள். வலி இல்லையே என்று ஆண்கள் விட்டுவிடுகிறார்கள். வெளியே சொல்ல வெட்கமும் படுகிறார்கள். அதனால் பலர் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

அறுத்து எடுத்த பிறகும் ஏன் கரண்டு?

அந்த வீட்டுக்காரர் கேட்டதும் இதைத்தான். கோரைப்புல்லை நினைத்துப் பாருங்கள். மேலே தெரிவதை எல்லாம் பிடுங்கிப் போட்டாலும் மண்ணுக்குள் ஒரு கிழங்கு தங்கினால் போதும், மறுபடி முளைத்துவிடும். அதுபோல ஆபரேஷனில் கட்டியை முழுதாக எடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாத நோய் அணுக்கள் தையல் போட்ட இடத்திலும், நெஞ்சுத் தோலிலும், நெறிகளிலும் தங்கியிருக்கலாம். அவற்றை அழிக்கத்தான் கதிர்வீச்சு. நாம் 'கரண்டு' என்று சொல்கிறோமே தவிர இது மின்சாரம் அல்ல. எக்ஸ்ரே எடுக்கும்போது வருகிற கதிர் மாதிரி, ஆனால் பல மடங்கு சக்தி உள்ளது.

ஆண்களுக்கு மார்பில் சதை குறைவு. கட்டி சின்னதாக இருந்தாலும் தோலும் நெஞ்சுத் தசையும் பக்கத்திலேயே இருப்பதால் சீக்கிரம் அங்கே பரவிவிடும். கதிர்வீச்சு தேவைப்பட இதுவும் ஒரு காரணம்.

எல்லாருக்கும் வேண்டுமா?

வேண்டாம். மார்புத் திசு முழுவதையும் எடுத்த பிறகு, கட்டி சிறியதாகவும், நெறிகளில் நோய் இல்லாமலும், வெட்டிய விளிம்பு சுத்தமாகவும் இருந்தால் பொதுவாகத் தேவைப்படாது. கீழ்க்கண்டவர்களுக்கு டாக்டர்கள் கதிர்வீச்சு வைக்கச் சொல்வார்கள்:

- கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தவர்கள்
- அக்குள் நெறிகளில் நோய் பரவியவர்கள். 4 நெறி அல்லது அதற்கு மேல் என்றால் கட்டாயம். 1 முதல் 3 வரை என்றாலும் பலருக்குத் தேவைப்படும்
- தோலிலோ நெஞ்சுத் தசையிலோ நோய் இறங்கியவர்கள்
- வெட்டி எடுத்த சதையின் விளிம்பில் நோய் அணு இருந்தவர்கள்
- கட்டியை மட்டும் எடுத்து மற்றதை விட்டு வைத்தவர்கள்

இதெல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பயாப்சி ரிப்போர்ட்டில் இருக்கும். அந்த பைலைப் பத்திரமாக வையுங்கள்.

இதனால் பலன் உண்டா?

நெறிகளில் நோய் பரவிய பெண்களிடம் டென்மார்க்கிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகள் 1997-ல் வெளிவந்தன. ஆபரேஷன், மருந்தோடு கதிர்வீச்சும் எடுத்தவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்புவது நன்றாகக் குறைந்தது. உயிர் பிழைத்தவர்களும் அதிகம். ஆண் நோயாளிகள் எண்ணிக்கை குறைவு என்பதால் அவர்களுக்கென்று தனியாக இவ்வளவு பெரிய ஆய்வு நடத்த முடிவதில்லை. பெண்களிடம் கண்டதை வைத்தே ஆண்களுக்கும் வைத்தியம் செய்கிறார்கள்.

எப்படி வைப்பார்கள்?

தையல் ஆற வேண்டும். அதற்குச் சில வாரம் ஆகும். கீமோ ஊசி போடுவதாக இருந்தால் அது முடிந்த பிறகு ஆரம்பிப்பார்கள். முதல் நாள் ஸ்கேன் எடுத்து, நெஞ்சில் மையாலோ சிறு பச்சைப் புள்ளியாலோ அடையாளம் போடுவார்கள். மை அடையாளத்தைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது.

வாரத்தில் 5 நாள் போக வேண்டும். பொதுவாக 3 வாரத்தில் 15 தடவை அல்லது 5 வாரத்தில் 25 தடவை. எத்தனை என்பதை டாக்டர் முடிவு செய்வார். கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். கதிர் வருவது சில நிமிடம்தான். வலி இருக்காது. அறையில் தனியாகத்தான் இருப்பார். ஆனால் வெளியே இருப்பவர்கள் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இடது பக்கம் என்றால் இதயத்தில் கதிர் படாமலிருக்க, சில இடங்களில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்தால் பேரப் பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து வைக்கும் கதிர் உடம்பில் தங்காது. புற்றுநோய் தொற்று நோயும் அல்ல. தட்டு, டம்ளரைத் தனியாக வைத்து அவர் மனதை நோகடிக்காதீர்கள்.

என்ன தொந்தரவு வரும்?

- போகப் போக உடம்பு அசதி வரும். ஓய்வு எடுக்கட்டும். கொஞ்சம் நடப்பதும் நல்லது.
- கதிர் பட்ட இடம் வெயிலில் காய்ந்தது போலச் சிவந்து, கறுத்து, அரிக்கும். சிலருக்குத் தோல் உரியும். முடிந்து சில வாரத்தில் ஆறிவிடும்.
- கதிர் பட்ட இடத்தில் நெஞ்சு முடி உதிரும். தலைமுடி இதனால் கொட்டாது.
- அந்த இடத்தில் மஞ்சள், சந்தனம், எண்ணெய், பவுடர் எதையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். சொறிய வேண்டாம், சவரம் வேண்டாம். தளர்ந்த பருத்திச் சட்டை போடட்டும். வெயில் படாமல் மூடிக்கொள்ளட்டும்.
- நெறிகளை எடுத்த பக்கம் கை வீங்கலாம், தோள் இறுகலாம். சொல்லிக் கொடுத்த கைப்பயிற்சியை விடக் கூடாது. வீக்கம் கண்டால் உடனே காட்ட வேண்டும்.
- முடிந்து சில வாரமோ மாதமோ கழித்து வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் வந்தால் 'கரண்டு வச்சவர்' என்று சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.
- பீடி, சிகரெட்டை நிறுத்தியே ஆக வேண்டும்.

நடுவில் நிறுத்தாதீர்கள். ஒரு நாள் தவறினால் ஆஸ்பத்திரியில் சொல்லி, அந்தத் தடவையை எப்படி ஈடு கட்டுவது என்று கேளுங்கள்.

மாத்திரையும், பிள்ளைகளும்

ஆண்களில் 10 பேரில் சுமார் 9 பேருக்கு இந்த நோய் ஹார்மோனால் வளர்வது. அவர்களுக்குப் பெரும்பாலும் டாமாக்சிபென் மாத்திரை குறைந்தது 5 வருடம் தருவார்கள். உடம்பு சூடாவது, தாம்பத்திய ஆசை குறைவது போன்றவை வரலாம். வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சில குடும்பங்களில் இது பிஆர்சிஏ 2 என்ற மரபணுக் கோளாறால் வருகிறது. அது அப்பாவிடமிருந்து மகளுக்கும் மகனுக்கும் போகலாம். மகளுக்கு மார்பு, சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பை அது கூட்டும். அதனால் மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரைக் கேளுங்கள்.

செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சையும் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் உடனே பதிவு செய்யுங்கள். காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எங்கே கதிர்வீச்சு வசதி உண்டு என்று 104-ல் கேட்கலாம். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் கூட வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் சான்று வாங்குங்கள்.

நாம் செய்த தவறு

இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு குழு உறுப்பினரின் வீட்டுக்காரருக்கும் இதே நோய் வந்தது. ஆபரேஷனுக்கு நாம் கடன் கொடுத்தோம். கதிர்வீச்சுக்குப் போகச் சொன்னார்கள். கூலி போய்விடும் என்று அவர் போகவில்லை. நாமும் தவணை வருகிறதா என்று பார்த்தோமே தவிர, வைத்தியம் முடிந்ததா என்று கேட்கவில்லை. ஒன்றரை வருடத்தில் தையல் போட்ட இடத்திலேயே நோய் திரும்பியது. இன்று அவர் இல்லை. கதிர்வீச்சு வைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நாம் கேட்காமல் விட்டோம். அது நம் மனதை அறுக்கிறது.

இந்த முறை விடவில்லை. மூன்று பேர் அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். "பொம்பளைங்க வரிசையில உட்கார வெட்கமா இருக்கு" என்றார் அண்ணன். "உங்க மக கல்யாணத்துல மணையில நீங்க உட்கார வேண்டாமா?" என்று கேட்டோம். பேசாமல் இருந்தார். மறுநாள் காலை பஸ் ஏறினார். கடனில் பஸ் செலவும், கூலி இழப்புக்குக் கொஞ்சமும் சேர்த்துக் கொடுத்தோம். மாட்டைக் குழுவினர் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 15 தடவையும் முடித்துவிட்டார். இப்போது மாத்திரை சாப்பிட்டு வருகிறார்.

சகோதரிகளே, இதை அடுத்த குழுக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வைத்தியக் கடன் வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் "வைத்தியம் முழுசா முடிஞ்சுதா?" என்று கேளுங்கள். வீட்டில் இருக்கும் ஆண்களிடமும் சொல்லுங்கள்: மாரில் கட்டி தெரிந்தால் வெட்கப்பட வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு வரட்டும். நாம் கூடப் போவோம்.