கோழிக்கு அரிசி மட்டும் போட்டால் போதுமா? நாட்டுக்கோழித் தீவனம்: தெரிந்துகொள்ள வேண்டியவை

காரைக்குடியில் சொந்த வீடு, வீட்டிலிருந்தே வேலை, கொல்லையில் நாலு நாட்டுக்கோழி. காலையில் ஒரு கை அரிசி, மதியம் மிச்சச் சோறு. ‘அப்பத்தா காலத்துல இதத்தானே போட்டாங்க?’ என்று தோன்றும்.

அப்பத்தா போட்டது அரிசிதான். மீதியைக் கோழியே தேடிக்கொண்டது: குப்பைமேட்டில் புழு, கண்மாய்க்கரையில் பூச்சி, வைக்கோற்போர் அடியில் கரையான், களத்தில் சிந்திய கேழ்வரகு. இன்றைக்குச் சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர், தரையில் சிமென்ட் கல். அதே அரிசி விழுகிறது. கூட இருந்ததெல்லாம் போய்விட்டது.

ஒரு முட்டைக்கு 20 கிலோ அரிசியா?

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. 100 கிராம் அரிசியில் இருப்பதோ ஏறக்குறைய 10 மில்லிகிராம். அரிசியை மட்டும் நம்பினால், ஒரே ஒரு ஓட்டுக்கு 20 கிலோ தின்ன வேண்டும். கோழி ஒரு நாளைக்குத் தின்பது 100 கிராமுக்குள்தான். அப்புறம் எப்படி முட்டை வருகிறது? தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. கொஞ்ச நாளில் ஓடு மெலிந்து, தொட்டாலே உடையும். பிறகு முட்டையே நின்றுவிடும். ‘வயசாயிடுச்சு’ என்று அந்தக் கோழியைக் குழம்புக்கு அனுப்பிவிடுகிறோம்.

தீர்வு மலிவானது. உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும். செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சுக்குப் போன அதே கிளிஞ்சல்தான். ஆனால் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை வைத்துவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்.

குஞ்சுகளுக்கு இது பொருந்தாது

முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடுவது பலரும் செய்யும் தவறு. அதில் உள்ள மிகுதியான கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுக்கு வேண்டியது புரதம். தீவனத்தில் 20 சதவீதம் அளவுக்கு இருக்க வேண்டும். அரிசியில் அது 7 சதவீதம்தான். முதல் 8 வாரத்துக்குக் கடையில் குஞ்சுத் தீவனம் வாங்கிவிடுவதே நல்லது. இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கூடவே கரையானும் கொடுக்கலாம். பழைய பானையில் காய்ந்த சாணம், வைக்கோல், கிழிந்த சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானையைத் தட்டினால் குஞ்சுகள் பாய்ந்து வரும்.

புண்ணாக்கை முகர்ந்து பாருங்கள்

நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கும் புரதம் கடலைப் புண்ணாக்கு, 40 சதவீதத்துக்கு மேல். ஆபத்தும் அதில்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை. அந்தப் பூஞ்சையின் நஞ்சுக்குத்தான் பிறகு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைத் தாக்கும். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. ஆகவே மழைக்காலத்தில் மொத்தமாக வாங்காதீர்கள். பூஞ்சை வாடை அடித்தால் ‘காசு குடுத்து வாங்குனதாச்சே’ என்று கலக்காமல் தூக்கி எறியுங்கள்.

வீட்டிலேயே கலக்க

முட்டையிடும் கோழிகளுக்கு 10 கிலோ கலவை: உடைத்த சோளம், கம்பு, குருணை சேர்ந்து ஐந்தரைக் கிலோ, தவிடு 2 கிலோ, புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும். கருவாட்டில் ‘உப்பில்லா’ என்பது முக்கியம். சமையலுக்கு வாங்கும் கருவாட்டின் உப்பு கோழியைக் கொன்றுவிடலாம்.

வெளியே மேய்கிற கோழி என்றால் இதில் 40, 50 கிராம் போதும். அதையும் காலையில் போடாதீர்கள். வயிறு நிறைந்தால் மேயப் போகாது. சாயங்காலம் போட்டால், அடைய வேண்டிய நேரத்துக்குத் தானாக வீடு வந்து சேரும்.